புயல் மாதங்களில் தோட்டப் பராமரிப்புக்காரர்: மரக்கழிப்பு, அப்புறப்படுத்தும் வேலை, அதற்கு விலை வைக்கும் முறை

ஐப்பசி பிறந்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் புல் வெட்டும் வேலை படுத்துவிடும். ஈரத்தில் மிஷின் சக்கரம் பதியும், வெட்டிய புல் பிளேடில் அப்பும், தரை இறுகிப்போகும். வாரம் ஒருமுறை என்று பேசிய வீடுகள் மாதம் ஒருமுறைக்கு வந்துவிடும். ஆனால் அந்த வீடுகளுக்கெல்லாம் ஆள் அதிகம் தேவைப்படுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் கரை கடந்தது. 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் வாசலை அடைத்து ஒரு மரம், கூரைமேல் ஒரு கிளை, புல்தரையில் முழங்கால் தண்ணீர் என்றுதான் பல வீடுகள் விழித்தன.

வேலை தெரிந்த ஆளும் வண்டியும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. அந்த வீட்டில் எந்த மரம் எங்கே நிற்கிறது, கழிவுநீர்த் தொட்டி எங்கே, மோட்டார் எங்கே என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே இது உங்கள் வேலை. ஒரே நிபந்தனை, பேச்சையும் விலையையும் ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். புயல் அடித்த மறுநாள் வாசலில் நின்று பேசும் விலை இரண்டு பக்கமும் கசப்பைத்தான் மிச்சம் வைக்கும்.

செப்டம்பர் வேலை: கிளை கழிப்பது

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்னதாகக் கழிப்பு முடிய வேண்டும். வெட்டுக்காயம் காய அவகாசம் வேண்டும். அக்டோபரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மரம் வெட்டுபவரைத் தேடுவார்கள் என்பதும் ஒரு காரணம்.

முதலில் மரத்தைச் சுற்றி வாருங்கள். மரம் ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்க மண்ணில் வெடிப்பு தெரிந்தால் வேர் ஏற்கெனவே பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். அடிமரத்தில் காளான், தட்டினால் வெற்றோசை, சிமெண்ட் தளமோ கால்வாயோ போடுவதற்காக ஒரு பக்க வேர் வெட்டப்பட்ட தடம், இரண்டு பெருங்கிளைகள் குறுகிய கவட்டையாகப் பிரிந்து நடுவில் பட்டை உள்வாங்கியிருப்பது, இவை நான்கும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இன வாரியாகப் பார்த்தால் குல்மோகரும் பெருங்கொன்றையும் எளிதில் முறியும். தூங்குமூஞ்சி அகலமாகப் படர்ந்து காற்றை வாங்கி வேரோடு சாயும். முருங்கையைச் சொல்லவே வேண்டாம். அதைப் புரட்டாசியிலேயே நான்கடிக்குக் குறைத்துவிட்டால் தை, மாசியில் புதுக்கிளையோடு நிற்கும். காலாப்பட்டு, தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணலில் நிற்கும் மரத்தைச் செம்மண் மேட்டில் நிற்கும் மரத்தைவிட ஒருபடி கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள்.

கழிக்கும்போது ஒரே தடவையில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. உள்ளே நெருக்கமாக ஓடும் கிளைகளையும் காய்ந்ததையும் உரசுவதையும் எடுத்தால் காற்று ஊடே போகும். உச்சியை மொட்டையடிப்பது இந்தப் பக்கத்தில் பரவலாக நடக்கும் தவறு. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் மரத்தோடு ஆழமாகப் பிணையாது. இரண்டு வருடத்தில் அவையே முதலில் முறிந்து விழும். வாடிக்கையாளர் கேட்டாலும் மறுத்து, காரணத்தைச் சொல்லுங்கள்.

கனமான கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வெட்டுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளி, மேலிருந்து முழுதாக வெட்டுங்கள். கிளை பட்டையை உரிக்காமல் விழும். பிறகு மிச்சக் கட்டையைக் கிளை அடிமரத்தோடு சேரும் தடித்த கழுத்துக்கு வெளியே எடுங்கள். கழுத்தையே வெட்டினால் காயம் மூடாது. கட்டையை நீளமாக விட்டால் உள்ளே அழுகல் இறங்கும்.

தென்னையில் பச்சை மட்டையைத் தேவையில்லாமல் வெட்டாதீர்கள். காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை, முதிர்ந்த குலை, தொங்கும் அடிமட்டை ஆகியவற்றை மட்டும் இறக்குங்கள். புயல்காற்றில் முதிர்ந்த தேங்காய் ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கும் கார் கூரைக்கும் குறிவைத்ததுதான்.

சாலையோர மரம் வீட்டுக்காரருடையது அல்ல. கிளை அவர் மாடியில் படுத்திருந்தாலும் நகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையிடம் எழுதிக் கேட்ட பிறகே கை வையுங்கள். சந்தன மரம் சொந்த மனையில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது.

எதை விற்கிறீர்கள் என்பதைப் பிரித்து எழுதுங்கள்

கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கோடையில் புல் வெட்டுபவர்களே குளிர்காலத்தில் பனி அள்ளுகிறார்கள். பிக்கப் வண்டி முன்னால் ஒரு தள்ளுபலகையை மாட்டி வாசல்பாதையைத் திறந்துவிடுவார்கள். ஒரு தடவைக்கு இவ்வளவு, விழுந்த பனியின் அங்குலக் கணக்குக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, பருவம் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவு என்று நான்கு வகையாக அவர்கள் விலை சொல்வார்கள். கூப்பிடாமலேயே வேலைக்குப் புறப்படும் அளவையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பார்கள். பெரும்பாலும் இரண்டு அங்குலப் பனி. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத ஒன்றுக்கு விலை வைக்கும் அந்த ஒழுங்கு நம் மழைக்கும் அப்படியே பொருந்தும்.

பருவத்துக்கு ஒரே தொகை என்று மட்டும் பேசுவது இந்தக் கரையில் ஆபத்து. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டு, 2016இல், வடகிழக்குப் பருவமழையே பொய்த்தது. ஒரே தொகை பேசியிருந்தால் முதல் ஆண்டு உங்களுக்கு நஷ்டம். இரண்டாம் ஆண்டு வீட்டுக்காரர், எதற்குக் கொடுத்தோம் என்று நினைப்பார். அதனால் மூன்றாகப் பிரியுங்கள்: செப்டம்பர் கழிப்புக்கு ஒரு விலை; அக்டோபர் 15 முதல் டிசம்பர் 31 வரை தயாராக இருப்பதற்கு ஒரு சிறு இருப்புக் கட்டணம்; சேதம் நடந்தால் வேலைக்கு அச்சடித்த விலைப்பட்டியல்.

புறப்படும் அளவுக்கு வானிலை ஆய்வு மையத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி, கடலூர் இரண்டிலும் அதன் நிலையம் உண்டு. 24 மணி நேரத்தில் 115.6 மி.மீ. முதல் 204.4 மி.மீ. வரை பெய்தால் அது மிக கனமழை, 204.5 மி.மீ. தொட்டால் அதி கனமழை. ‘அருகிலுள்ள நிலையத்தில் 115.6 மி.மீ. பதிவானாலோ, புயல் இந்தக் கரையைக் கடந்தாலோ, கூப்பிடாமலேயே வருவோம். மற்ற நாட்களில் கூப்பிட்டால் வருவோம்’ என்று எழுதினால் தகராறுக்கு இடமில்லை. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அப்படியொரு நாளில் யாருடைய போனும் வேலை செய்யாது. கூப்பிட்டால்தான் வருவோம் என்ற பேச்சுக்கு அர்த்தமே இருக்காது.

மணிக்கு எவ்வளவு

கீழே உள்ள கூலி எல்லாம் உதாரணக் கணக்கு. உங்கள் ஊரில் நீங்கள் கொடுப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு போடும் வழி மாறாது.

சாதாரண நாளில் செயின்சா பிடிப்பவர் ஒருவருக்கு 1500, உதவியாள் இருவருக்கு 1800, டாடா ஏஸ் ஓட்டுநரோடு 2000, பெட்ரோல், ஆயில், செயின் தேய்மானம் 400, சாப்பாடு, டீ 300. மொத்தம் 6000 ரூபாய். எட்டு மணி நேரக் கூலி கொடுத்தாலும் பயணம், ஏற்றி இறக்குவது போகக் கையில் நிற்பது ஆறு மணி நேரம். ஆக மணிக்கு அடக்கம் 1000. மிஷின் மாற்றுவதற்கான சேமிப்பு, காப்பீடு, போன், மழையில் சும்மா உட்காரும் நாள் ஆகியவற்றுக்கு 25 விழுக்காடு சேர்த்தால் 1250. அதன்மேல் 20 விழுக்காடு லாபம் வைத்தால் 1500.

இதே கணக்கைப் புயலுக்கு மறுநாள் போட்டுப் பாருங்கள். வெட்டுபவர் 2500 கேட்பார், உதவியாள் தலைக்கு 1300, வண்டி 3500, எரிபொருள் வகை 600, சாப்பாடு 500. மொத்தம் 9700. பாதி சாலை அடைத்திருக்கும், ஐந்து மணி நேரம்தான் உருப்படியாக வேலை நடக்கும். மணிக்கு அடக்கம் 1940. 25 விழுக்காடு சேர்த்து 2425. லாபம் சேர்த்து 2910. பேராசை ஒரு பைசா இல்லாமலே விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இதைச் செப்டம்பரிலேயே, இந்த வரிகளோடு, வீட்டுக்காரருக்குக் காட்டினால் ஒப்புக்கொள்வார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னால் நியாயமான விலையும் கொள்ளையாகத் தெரியும், ஜனவரியில் புல் வெட்டவும் உங்களைக் கூப்பிட மாட்டார்.

அப்புறப்படுத்துவதற்குத் தனி விலை வையுங்கள், அதையும் இரண்டு வகையாக. தழையும் மட்டையும் ஏற்றினால் வண்டி எடையில் நிறையாது, இடத்தில் நிறைந்துவிடும். கட்டையோ நேர் எதிர். ஒரு அடி குறுக்களவுள்ள பச்சைக் கட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 70 கிலோ. டாடா ஏஸ் தாங்குவது 750 கிலோ. பத்துத் துண்டு ஏற்றினால் முடிந்தது, தொட்டியில் பாதி இடம் காலியாகத் தெரியும். ஒரே லோடு விலை பேசியிருந்தால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உங்கள் மாத லாபத்தைத் தின்றுவிடும். தழை லோடு இவ்வளவு, கட்டை லோடு இவ்வளவு, வேர்க்கட்டை நேரில் பார்த்துத்தான் என்று எழுதுங்கள். விறகு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். வேம்பும் புளியும் காசு; விழுந்த மறுநாள் வீட்டுக்காரருக்கு அது நினைவில் இருக்காது, பத்தாம் நாள் நிச்சயம் நினைவு வரும்.

எங்கே கொட்டுவீர்கள் என்று முன்பே கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். தோட்டக் கழிவைச் சாலையில் தள்ளுவதும் எரிப்பதும் திடக்கழிவு விதிகளின்படி குற்றம். முடிந்தவரை தென்னை மட்டையையும் தழையையும் துண்டுபோட்டு அந்தந்த வீட்டு மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். ஒரு நடை மிச்சம், மரத்துக்கும் நல்லது.

எத்தனை வீடு எடுக்கலாம்

பலர் சறுக்குவது இங்கேதான். இருபது வீட்டில் தலா 1500 இருப்புக் கட்டணம் வாங்கினால் 30,000 ரூபாய் கைக்கு வருகிறது, நல்லது. ஆனால் ஒரு வீட்டில் முழு வேலைக்குச் சராசரி ஒன்றரை மணி நேரம் என்றால் இருபது வீட்டுக்கு முப்பது மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேர வேலையில் ஆறு நாள். ‘48 மணி நேரத்தில் எல்லாம் முடியும்’ என்று வாக்குக் கொடுத்திருந்தால் பதினான்கு வீட்டுக்காரர்களிடம் பொய் சொல்லியிருப்பீர்கள். சுற்றை இரண்டாக்குங்கள். முதல் சுற்று வழி திறப்பது மட்டும்: கதவு, வாசல், கார் வெளியேறும் பாதை, வீட்டுக்குள் நீர் புகாமல் வடிகால் வாய். வீட்டுக்கு அரை மணி, இருபது வீடு, இரண்டு நாள். இரண்டாம் சுற்றில் முழு வேலை, ஏழு நாளுக்குள். ஒரு குழுவுக்கு இருபது வீடுதான் உச்சம். முதியவர் தனியாக இருக்கும் வீடு, நோயாளி இருக்கும் வீடு முதல் வரிசையில். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அந்த 30,000 லாபம் அல்ல, தயாரிப்புச் செலவு. வெட்டுபவர் இருவருக்கு ஆளுக்கு 5000 முன்பணம் கொடுத்து, புயல் அன்று வேறு எங்கும் போகாமல் பிடித்துவையுங்கள். கூடுதல் செயின் மூன்று, வட்ட அரம், 16 மி.மீ. நைலான் கயிறு நூறடி, கப்பி, முகமூடித் தடுப்பு வைத்த ஹெல்மெட், கம் பூட்ஸ் வாங்குங்கள். பெட்ரோல் பங்கில் மின்சாரம் இருக்காது, பத்து லிட்டரை இரும்பு ஜெரிகேனில் முன்பே வையுங்கள். செயின்சாவுக்கு 1:50 கலவை, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் கார்புரேட்டர் அடைக்கும். டவர் விழுந்தால் ஜிபே கிடையாது, ஏடிஎம் கிடையாது; இரண்டு நாள் கூலியை ரொக்கமாக வைத்திருங்கள். வீட்டுப் பட்டியலும் போகும் வழியும் காகிதத்தில் இருக்கட்டும்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியதும் பட்டியலில் உள்ள வீடுகளை ஒரு சுற்று கூப்பிட்டுப் பேசுங்கள். பூந்தொட்டியைக் கீழே இறக்கச் சொல்லுங்கள், காரை மரத்தடியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பைசா செலவில்லாத வேலை, மதிப்பு பெரியது.

விழுந்த மரத்தைத் தொடும் முன்

முதலில் கம்பி. மரத்தில் மின்கம்பி சிக்கியிருந்தால், தெருவில் கரண்ட் இல்லை என்பது தெரிந்தாலும் தொடாதீர்கள். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால் செத்த கம்பி மறுபடி உயிர்பெறும். கடலூர்ப் பக்கம் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, புதுச்சேரியில் மின்துறை அலுவலகம். லைன்மேன் வந்து துண்டித்தேன் என்று சொன்ன பிறகே வெட்டு.

அடுத்து விசை. விழுந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் எங்கோ வளைந்து நிற்கும். வளைவின் உட்பக்கம் அமுங்கியிருக்கும், வெளிப்பக்கம் இழுபட்டிருக்கும். இழுபட்ட பக்கத்தில் நேரடியாக ஆழமாக வெட்டினால் கிளை பிளந்து முகத்தில் அடிக்கும். அமுங்கிய பக்கம் ஆழமாகப் போனால் மரம் செயினைக் கவ்விப் பிடிக்கும். அமுங்கிய பக்கம் கொஞ்சம் வெட்டி, பிறகு இழுபட்ட பக்கம் சிறிது சிறிதாக எடுங்கள். வளைவின் வெளிப்பக்கமாக ஒருபோதும் நிற்க வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள்.

வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை வெட்டியதும் வேர்மண் பெயர்ந்து குழிக்குள் திரும்ப எழும்பிச் சாயக்கூடும். அந்தக் குழியில் யாரையும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை, நிற்கவிடாதீர்கள். வேர்ப்பக்கம் கயிறு கட்டிப் பிடித்த பிறகே கடைசி வெட்டு. தென்னையும் மணல் அப்பிய அடிமரமும் செயினை விரைவில் மழுக்கும். மரத்தூள் துருவலாக வராமல் மாவாக வந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். ஈரக்குவியலைக் கையால் கிளறாமல் கம்பால் புரட்டுங்கள், பாம்பு ஒதுங்கியிருக்கும்.

ஆட்கள் ஒவ்வொருவருக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். மரமேறும் ஆளுக்கு இது போதாது, தனி விபத்துக் காப்பீடும் எடுங்கள். அதன் தொகை உங்கள் 25 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

தண்ணீர் இறைப்பது

600 சதுர அடிப் புல்தரையில் அரை அடி தண்ணீர் நின்றால் சுமார் 8500 லிட்டர். இரண்டு அங்குல பெட்ரோல் பம்ப் அரை மணிக்குள் வெளியேற்றிவிடும். ஆனால் தெருமட்டம் உங்களுக்கு மேலே இருந்தால் இறைத்தது அப்படியே திரும்பும். புதுச்சேரியின் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தெருத் தண்ணீர் வடியும்வரை பம்பை இறக்காதீர்கள், காசும் வாங்காதீர்கள். இந்த வேலைக்கு மணிக்கணக்கு விலைதான் சரி.

வடிந்த பிறகு வண்டல் காய்ந்து ஓடாகும் முன், ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் பீய்ச்சியும் ரப்பர் தள்ளுகட்டையாலும் எடுங்கள். கால் வைத்த தடத்தில் நீர் கோப்பது நிற்கும் வரைக்கும் மிஷினை ஏற்ற வேண்டாம். புல் மஞ்சளாவது தழைச்சத்து கரைந்து போனதால். புதுத்தளிர் தெரிந்த பிறகு சதுர மீட்டருக்கு 10 முதல் 15 கிராம் அம்மோனியம் சல்பேட் தூவித் தண்ணீர் விட்டால் போதும். 600 சதுர அடிக்கு 850 கிராமைத் தாண்டாது.

தை மாத வேலை

புயல் போன பிறகு வெட்டுக்காயத்துக்கு போர்டோ பசை பூசுவதைத் தனி வேலையாகப் பட்டியலில் வையுங்கள். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், இரண்டையும் பிளாஸ்டிக் வாளியில் சேர்த்துக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. முறிந்த தென்னைத் தண்டை வீட்டு மூலையில் போட்டுவைக்க விடாதீர்கள். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும், நிற்கும் தென்னைக்கும் அங்கிருந்து வரும். பிழைத்த மரங்களின் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வையுங்கள். மரமேறுபவர் கூலியோடு சேர்த்து மரத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லலாம். பத்து மரமுள்ள தோட்டம் ஒரு காலையில் முடியும்.